கோட்டின் மேல் வந்த படகு

கடற்படையில் அவருக்குப் பட்டப்பெயர் பென்சில். எதிரில் நிற்கும்போது 'சார்', முதுகுக்குப் பின்னால் 'பென்சில்'. காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார் என்பதால் வந்த பேர். அவருக்கும் அது தெரியும், கோபமில்லை. கடற்படை அதிகாரி என்றால் பீரங்கியும் போரும் என்று நம்பிப் பெண் கொடுத்த மாமனாருக்குத்தான் கடைசிவரை ஏமாற்றம். "மாப்பிள்ளை சண்டைக்கெல்லாம் போவாரா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, அவரு கடலுக்கு அளவெடுக்குறாரு" என்பார், தையல்காரருக்குப் பெண் கொடுத்துவிட்டவர் மாதிரி.

மாமனார் சொன்னதில் தப்பில்லை. அளவெடுப்பதுதான் வேலை. அளவைக் கப்பல் கடலில் நேர்கோடாகப் போகும், திரும்பும், அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடாக வரும். வயலை உழுவது போல நாள் முழுக்க இதே வேலை. கப்பலின் அடியிலிருந்து ஒரு கருவி ஒலியை அனுப்பும். அது கடலின் அடித்தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து, உருளும் தாளில் ஒரு முள் கறுப்பாகச் சுட்டுக்கொண்டே போகும். தாள் கருகும் நாற்றத்தில் தலை வலிக்கும். அந்தக் கறுப்புக் கோட்டைப் படித்து ஆழத்தை எண்ணாக எழுதுவார் பென்சில். அந்த எண்கள்தான் பிறகு வரைபடமாக அச்சாகி எல்லாக் கப்பல்களுக்கும் போகும். கடலில் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் மட்டும்தான். அடியில் என்ன இருக்கிறது என்பது இவரைப் போல யாரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்த எண். படகு ஓட்டுகிறவன் அதைத்தான் நம்பியாக வேண்டும்.

கருவியும் ஏமாறும். கீழே மீன் கூட்டம் போனால் தாளில் திடீரென்று ஒரு கறுப்பு மேலே எழும்பும். மீன் என்றால் பஞ்சு போலக் கலைந்திருக்கும், அதற்கும் தரைக்கும் நடுவில் வெள்ளை தெரியும். பாறை என்றால் தரையோடு ஒட்டி எழும்பும். சந்தேகம் வந்தால் அந்த இடத்துக்குத் திரும்பப் போய், குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாக ஓடிப் பார்க்க வேண்டும், ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கித் தொட்டும் பார்க்க வேண்டும். அரை நாள் போய்விடும். ஆனாலும் செய்தாக வேண்டும் என்பது விதி. பென்சில் அந்த விதியை மீறியதே இல்லை. "இந்த ஆளு மீனுக்கெல்லாம் மரியாதை குடுக்குறான்யா" என்று கூட இருந்தவர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே கப்பலைத் திருப்பச் சொல்வார்.

ஒரே ஒரு தடவை திருப்பச் சொல்லவில்லை.

அப்போது அவருக்கு முப்பது வயது. கரைக்கும் ஒரு தீவுக்கும் நடுவிலிருந்த நீர்வழியை அளந்துகொண்டிருந்தார்கள். நாற்பது நாள் வேலை, அன்றைக்குக் கடைசி நாள். காலையில் வானொலி அறையிலிருந்து ஒரு சீட்டு வந்தது: மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரவும். அதற்குமுன் இரண்டு கரு கலைந்து போயிருந்தது. இரண்டு தடவையும் பென்சில் கடலில் இருந்தார். இரண்டாவது தடவை வீட்டுக்குப் போனபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை அவரால் மறக்க முடியவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசிக் கோட்டை ஓட்டினார். அது முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, பதினெட்டு மீட்டரில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கறுப்புக் கோடு சட்டென்று ஏழு மீட்டருக்கு எழும்பி, எழும்பிய வேகத்தில் இறங்கியது.

தரையோடு ஒட்டியிருந்த மாதிரியும் இருந்தது, ஒட்டாத மாதிரியும் இருந்தது. கப்பல் கேப்டன் நல்ல மனுஷர். விஷயம் அவருக்கும் தெரியும். மேலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னப்பா, வேலை முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னு நீ சொன்னா இப்பவே கெளம்பிடலாம்."

பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தக் கறுப்பின் பக்கத்தில் சின்னதாக 'மீன்' என்று எழுதினார். "முடிஞ்சுது சார்" என்றார்.

ஏமாந்துவிட்டார் என்று சொல்லி அவரைத் தப்பவிட வழியில்லை. ஆயிரம் மீனைப் பார்த்த கண் அது. மீனாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார், ஆசைப்பட்டதை எழுதினார். கப்பல் திரும்பியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பையைப் போட்டுவிட்டு ஓடினார். ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் முதல்முறையாகத் தேம்பித் தேம்பி அழுதாள். தன் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் கிடையாது என்று பென்சில் நினைத்தார். அந்த நினைப்பிலும் பொய் இல்லை, அதுதான் கொடுமை.

அந்தக் கதை வீட்டில் ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. மகள் வளர்ந்து பேசத் தொடங்கியதும், தன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்தவர்களிடம் அவளே சொல்வாள்: "எனக்காக எங்கப்பா கப்பலையே திருப்பிட்டு வந்தாரு." எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். முதல் சில வருஷம் அவருக்கு உள்ளுக்குள் முள் குத்தியது, பிறகு குத்தவில்லை. அந்த வழியில் பெரிய கப்பல் எதுவும் போகவில்லை. படகுகளும் வேறொரு வழியாகத்தான் தீவுக்குப் போய் வந்தன. மீன்தான் என்று அவரே நம்பிவிட்டார்.

பதினான்கு வருஷம் கழித்துப் பழைய வழி மணல் மூடித் தூர்ந்துபோனது. வரைபடத்தைப் பார்த்து, பதினெட்டு மீட்டர் ஆழம் தாராளம் என்று, தீவுக்குப் போகும் பயணிகள் படகை அதிகாரிகள் இந்த வழிக்கு மாற்றினார்கள். புது வழிக்குப் புது ஆள் வேண்டும் என்று வேறு துறைமுகத்திலிருந்து ஒரு சாரங்கைக் கொண்டுவந்தார்கள். படகைப் பொறுப்பேற்று ஓட்டுகிறவர் சாரங்கு. இந்த மனுஷர் அதில் இருபது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். என்ஜினைப் பார்த்துக்கொள்ளத் தன் மச்சானையே, அதாவது மனைவியின் தம்பியையே, கூட வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. கடல் நன்றாக வற்றிய ஒரு நாள், நண்பகலில், நல்ல வெயிலில், படகு எதிலோ மோதி அடி கிழிந்தது. நீரோட்டம் அதை அரை மைல் இழுத்துக்கொண்டு போய், கிழக்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாறைத் திட்டின் ஓரத்தில் மூழ்கடித்தது. பதினொரு பேர் செத்தார்கள். மச்சானும் அதில் ஒருவர்.

அப்போது பென்சில் வரைபட அலுவலகத்தில் பெரிய அதிகாரி. விசாரணையில் வந்து சாட்சி சொல்லச் சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு முந்தின நாள் ஆவண அறைக்குத் தனியாகப் போனார். தகர டப்பாவிலிருந்து அந்தத் தாள் சுருளை எடுத்து மேசையில் விரித்தார். கறுப்பு தரையோடு ஒட்டியிருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எப்படி அது இரண்டு மாதிரியும் தெரிந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. சுருட்டி டப்பாவில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

விசாரணை மண்டபத்தில் நீள மேசையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் கண்ணாடிக் குண்டு வைத்திருந்தார்கள். சாரங்கு குள்ளமான மனிதர். யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. வரைபடத்தில் படகு வழியைக் காட்டிய கோட்டின் மேல் விரலை வைத்து, "சார், நான் இந்தக் கோட்டு மேலதான் வந்தேன். அப்படி இப்படி திருப்பவே இல்ல" என்றார். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதையேதான் சொன்னார். ஒரு வயதான மீனவர் எழுந்து, "அங்க ஒரு பாறைத் தலை இருக்குங்க. கடல் நல்லா வத்துற அன்னைக்குத் தண்ணி சுழிக்கும்" என்றார். "எத்தனை மீட்டர்ல?" என்று கேட்டார் தலைமை அதிகாரி. "மீட்டரெல்லாம் தெரியாதுங்க. தலை இருக்கு." அறையில் சிரிப்பு எழுந்தது. தலைமை அதிகாரி பென்சில் பக்கம் திரும்பினார்.

"நீங்க அளந்த இடம்தானே இது? என்ன சொல்றீங்க?"

வாயைத் திறந்தால் என்னென்ன வெளியே வரும் என்று பென்சிலுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. வேலை போகும், சீருடை போகும், அதுகூடப் பரவாயில்லை. ஏன் திருப்பிப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில், பதினான்கு வயதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண். பேப்பரில் வரும். பதினொரு பிணத்துக்கும் தான் பிறந்ததுதான் காரணம் என்று அவள் படிப்பாள்.

"சார்ட் சரியாத்தான் இருக்கு சார். அந்த இடத்துல பதினெட்டு மீட்டர்."

அவ்வளவுதான் சொன்னார். படகு வழிதவறிக் கிழக்குத் திட்டில் மோதியது என்று எழுதி முடித்தார்கள். சாரங்குக்கு இரண்டு வருஷம் ஜெயில், உரிமமும் ரத்து. அடுத்த வருஷம், பதினைந்து வருஷத்துக்கு மேலான தாள் சுருள்களை அழிக்கும் பட்டியல் வழக்கம்போல மேசைக்கு வந்தது. வேண்டியதை நிறுத்திவைக்கப் பென்சிலுக்கு அதிகாரம் உண்டு. பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்தார். எதையும் நிறுத்தாமல் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் பதவி உயர்வும் வந்தது. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆறு வருஷம் போனது. புதுக் கருவிகள் வந்தன, பழைய இடங்களையெல்லாம் மறுபடி அளந்தார்கள். திருத்த அறிவிப்பில் இரண்டு வரி வந்தது: இன்ன இடத்தில் பாறை, உச்சியில் ஆழம் ஒரு மீட்டர். அன்றைக்கு அளவைக் கப்பல் கடந்துபோனது அதன் சரிவின் மேல்தான். தாளைக் கொண்டுவந்த இளம் அதிகாரி கேட்டாள், "சார், அந்தப் படகு விபத்து இந்தப் பக்கம்தானே நடந்தது?" பென்சில் தலையை நிமிர்த்தவில்லை. "அது கிழக்கே" என்றார். அவள் மறுபேச்சு பேசாமல் போய்விட்டாள். அவர் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று இருபது வருஷமாக எல்லாரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள்.

ஐம்பத்து நாலு வயதில் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில், இவர் போட்ட வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று பேசினார்கள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சமையல்கட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"இத்தனை வருஷம் என் பக்கத்துலதான் படுத்திருந்தீங்க" என்றாள்.

"போய்ச் சொல்லிடப் போறேன்."

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும். ஆனா எதுக்காகத் திரும்பி வந்தீங்கன்னு சொல்லாதீங்க. அவ தலையில அத ஏத்திடாதீங்க. ஏங்க, உங்க கால்ல வேணாலும் விழறேன்."

மகளுக்கு அப்போது இருபத்து நாலு வயது, வேறொரு ஊரில் வேலை. பென்சில் தலையாட்டினார். அலுவலகத்துக்கு ஐந்து பக்கம் கடிதம் எழுதினார். கப்பலைத் திருப்பாததற்குக் காரணம் 'நேரமின்மை' என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்து அரைப் பக்கம் பதில் வந்தது: குறிப்பிட்ட தாள் சுருள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது, ஆதாரம் இல்லாமல் வழக்கை மறுபடி திறக்க இடமில்லை. நேரில் போனார். திருத்த அறிவிப்பைக் கொண்டுவந்த அதே பெண் இப்போது அவருடைய பழைய நாற்காலியில் இருந்தாள். எழுந்து நின்று டீ வரவழைத்தாள்.

"சார், ரிட்டயர் ஆனா எல்லாருக்கும் இப்படித்தான் மனசு எதையாவது போட்டுக் குடையும். வீட்ல ரெஸ்ட் எடுங்க சார்."

"நான்தான் அழிக்கக் கையெழுத்துப் போட்டேன். நீ அன்னைக்குக் கேட்டப்போ பொய் சொன்னேன்."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஆறிடும் சார்" என்றாள். அந்தத் திருத்த அறிவிப்பில் அவள் கையெழுத்தும் இருந்தது. அவளுக்கும் வீடு வாசல் இருந்தது. அவளைக் குறை சொல்லப் பென்சிலுக்கு யோக்கியதை இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

இனி மிச்சம் சாரங்கு ஒருவர்தான். ஊர் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் அந்த மனுஷர் காதிலாவது போட்டுவிட்டால் போதும் என்று பென்சில் நினைத்தார். நீங்கள் சொன்னதுதான் நிஜம், கோட்டின் மேல்தான் வந்தீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சேர்த்துவிட வேண்டும். அடிப்பாரோ, துப்புவாரோ, எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம். விலாசம் தேடி அலைந்து கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். காலை பத்து மணி. தெருவெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர், நனைந்த சாக்கு, உமி. சாரங்கு இராத்திரி முறை முடிந்து வந்து, வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பாளம் தூக்கித் தூக்கி விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. பென்சிலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொன்னதும் பதறி எழுந்து, ஸ்டூலை அவருக்குத் துடைத்துப் போட்டார். உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பென்சில் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை நின்றபடியே சொன்னார். பாறை, தாள், விசாரணையில் சொன்ன பொய், அழிக்கப் போட்ட கையெழுத்து. "நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் நிஜம். கோட்டு மேலதான் வந்தீங்க. தப்பு என்னுது" என்று முடித்தார்.

உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றது.

சாரங்கு பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இல்ல சார். நான்தான் திருப்பினேன்."

"நீங்க திருப்பல. அங்க பாறை இருக்கு. இப்போ சார்ட்லயே போட்டாச்சு."

"இருக்கலாம் சார். ஆனா நான் திருப்பினேன். வெயிலு கண்ணுல அடிச்சுது. என் மச்சான் ஏதோ கேட்டான், அவன் பக்கம் திரும்பினேன், அப்ப சுக்கான் கிழக்கால போயிடுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஜெயில்ல முதல் வருஷம் பூரா நான் திருப்பலன்னுதான் கத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தப்போ எல்லாம் தெளிவா வந்துடுச்சு. ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்தது."

பென்சில் விடவில்லை. மறுபடியும் சொன்னார், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், கெஞ்சினார். சாரங்கு அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க மனசுல வச்சுக்காதீங்க சார். பெரிய மனுஷன், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "சாருக்கு ஏதாவது குடிக்கக் குடேன்" என்றார். பதில் வரவில்லை. வராது என்று பழகியவரைப் போல, "நானே கடையில வாங்கிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மனைவி வெளியே வந்தாள். கையில் பாதி மடித்த வேட்டி இருந்தது.

"நீங்க சொன்னது நிஜமா?"

"நிஜம்மா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"விசாரணைக்கு முந்தின நாளே தெரியும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "செத்தது என் தம்பி சார். அந்த மண்டபத்துல உங்களுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். நீங்க சொன்னத நம்பினேன். இவரு ஜெயிலுக்குப் போனாரு, ஒரு நாள் கூடப் பார்க்கப் போகல. வெளிய வந்தாரு, எட்டு வருஷமா சோறு வைக்கிறேன், துணி துவைக்கிறேன், ஒரு வார்த்தை பேசினதில்ல. என் தம்பியக் கொன்னுட்டியேன்னு அன்னைக்கு மண்டபத்துல நான் பார்த்த பார்வையிலதான் அந்த மனுஷன் ஒத்துக்கிட்டாரு."

பென்சில் அழுதார். அவள் அழவில்லை.

"அவர்கிட்ட நீயாவது எடுத்துச் சொல்லும்மா. நீ சொன்னா நம்புவாரு."

"நம்பிட்டா?" என்றாள் அவள். "நம்பிட்டா, இத்தனை வருஷம் நான் எதுக்குப் பேசலன்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன சொல்றது சார்? எங்க போய் நிக்கிறது? அவரு தூங்குறாரு. அதையும் எடுத்துட்டா அவருக்கு என்ன இருக்கு?"

தெருமுனையில் சாரங்கு கண்ணாடி டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வரல, நான் எதையும் கேக்கல. டீயக் குடிச்சிட்டுப் போயிடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"சரிம்மா" என்றார் பென்சில். சாரங்கு வந்து டம்ளரை அவர் கையில் கொடுத்து, சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவள் உள்ளே போய் மிச்சத் துணியை மடிக்க உட்கார்ந்தாள்.